செடிக்கு இருபது லிட்டர்

மெர்ல் தீசனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் என் அக்கா லூபாவின் புருஷன். முப்பத்திரண்டு வருஷமாக அவனைப் பார்க்கிறேன். பொட்டாஷ் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் வீட்டுப் படியை இதுவரை ஒரு பிளம்பரும் மிதித்ததில்லை, ஒரு எலக்ட்ரீஷியனும் மிதித்ததில்லை. கூரை ஒழுகினாலும் அவன்தான் ஏறுவான், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றாலும் அவன்தான் குனிவான். செய்கிற வேலை சுத்தமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏதாவது கோளாறு என்றால் அது தன் கையால் வந்திருக்கலாம் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே ஏறாது.

லூபாவுக்கு நரம்பு நோய். பதினோரு வருஷமாகிறது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் படுக்கைக்கும் போவாள், அவ்வளவுதான். படுத்தால் கால் இரண்டும் கட்டைபோல இழுத்துக்கொள்ளும். அந்த வலியில் அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மெர்ல் எழுந்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்து மெல்ல மெல்ல நீட்டிவிடுவான். ஒரு நாள் தவறியதில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரை காலைத் தளர்த்தும், கூடவே ஆளையும் சேர்த்துச் சாய்த்துவிடும். பகலெல்லாம் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பாள். இங்கே கஞ்சா சட்டப்படியே கடையில் விற்கிறது, அதையும் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்று தலை சுற்றியது, இன்னொன்றில் நெஞ்சு படபடத்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது எஸ்தர் கொடுத்த செடிதான். எஸ்தர் இதே நோய்க்காரி, லூபாவின் சிநேகிதி. அவள் வீட்டில் வளர்ந்த ஊதாத் தண்டுச் செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதன் பூவை வெண்ணெயில் காய்ச்சி, ரொட்டியில் தடவி, சாயங்காலம் ஒரு துண்டு. அவ்வளவில் கால் அடங்கிவிடும். மறுநாள் காலையில் லூபா லூபாவாகவே எழுந்திருப்பாள். எஸ்தர் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் வந்து வீட்டைக் காலி செய்தபோது செடியெல்லாம் குப்பைக்குப் போனது. ஆக அந்த வகை உலகத்தில் மிஞ்சியிருப்பது மெர்ல் வீட்டுக்குக் கீழே இருக்கிற அடித்தள அறையில்தான். வீட்டுக்கு நான்கு செடி என்பது சட்டம். நான்கும் அதுவே. அது போனால் போனதுதான், எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது.

இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அந்த இரண்டு வாரம் பூனைக்குட்டியைப் பார்க்கிற மாதிரி அதுகளைப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் லூபாவை இரண்டு வாரம் சாஸ்கடூன் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மெர்லும் கூடப் போனான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரைக்கும் சும்மாதான். அதனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. லூபா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: வாரத்துக்கு இரண்டு தரம், செடிக்கு ஒரு ஜாடி, அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். என் ஜெரேனியப் பூச்செடிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான், சமையலறைக் குழாய் என்றாள். நானும் அப்படியே நாலு ஜாடியையும் மாடிப்படியில் சுமந்து இறக்கினேன். செடிக்குப் போட்ட விளக்கு நேரத்துக்கு அணைகிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன். செடி ஏற்கனவே கொஞ்சம் சோம்பிக் கிடந்தது. குளிர்காலம், பூஜ்யத்துக்கு நாற்பது டிகிரி கீழே போகிறது, மனுஷனே சோம்பித்தான் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அடி இலைகள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் நெருப்பில் காட்டிய மாதிரி பழுப்பாகச் சுருண்டன. வளர்ச்சி மந்தமாகிவிட்டது. டிசம்பரில் இருந்ததைவிட நாலு விரல் உயரம்தான் கூடியிருந்தது பிப்ரவரியில்.

மெர்ல் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. என் எதிரில், லூபா எதிரில், பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டை வைத்துக்கொண்டு, வாய் கூசாமல் சொன்னான்.

"தண்ணியா ஊத்தி வேரை அழுக வெச்சுட்ட நாடியா. உன்னை நம்பி விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நான் சொன்ன அளவுதான் ஊற்றினேன் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றான். நான் லூபாவைப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவளுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் ஊற்றினேன், அவளுக்குத் தெரியாததா? லூபா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரோகியை முள்கரண்டியால் இரண்டாக வெட்டினாள், நாலாக வெட்டினாள், வாயைத் திறக்கவில்லை. மெர்ல் என்னைப் பார்த்து, இனிமேல் அடித்தளத்துக்கு நீ போக வேண்டாம் என்றான். அடித்தளத்துக்கு என்ன, உன் வீட்டுக்கே வரவில்லை என்று கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் பூட்ஸை இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தேன். வந்தது கோபம்தான், அழுகையென்று நினைத்துவிடாதீர்கள்.

அதோடு விட்டானா? மறுநாள் காபிக் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். கூட்டுறவு பெட்ரோல் பங்கில் தினமும் காலை ஒன்பதரைக்குப் பத்து ஆண்கள் உட்கார்ந்து, பகடை உருட்டி, தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுப்பான். ஊர் நியாயமெல்லாம் அந்த மேஜையில்தான் தீரும். அங்கே சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி. அன்று மத்தியானம் பேருந்துக்கு டீசல் போடப் போனேன், காபிக் கூட்டத்து வால்ட்டர் ஹனுஷ்சக் சிரித்துக்கொண்டே என்னிடம், என் மனைவியின் செடிகளைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா, எனக்கு அதுகளைக் கண்டாலே பிடிக்காது என்றான். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உன் தொப்பையைப் பார்த்துக்கொள்ள முதலில் ஆள் தேடு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் உள்ளே எரிந்தது. அக்காவின் மருந்தைக் கொன்றவள் என்று பெயர் வாங்கிவிட்டு இந்தச் சின்ன ஊரில் எங்கே போய் ஒளிவது?

நான் போகாத நாட்களில் அவன் செய்த வைத்தியத்தை லூபா போனில் சொல்லுவாள். ரகசியமாகத்தான், அவன் கார் ஷெட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. முதலில் கம்ப்யூட்டரில் இலையின் படத்தைப் போட்டுக் கேட்டானாம். ஒருவன் சுண்ணாம்புச் சத்து குறைவு என்றான், ஒருவன் உரம் அதிகம் என்றான், ஒருவன் விளக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்றான். மெர்ல் எல்லாவற்றையும் செய்தான். சத்து பாட்டில் வாங்கி ஊற்றினான். விளக்கை ஒரு அடி தூக்கினான். மஞ்சள் ஒட்டுத்தாளைத் தொங்கவிட்டுப் பூச்சி பிடித்தான், விழுந்தது மூன்று கொசு. தண்ணீரைச் சோதிக்கிற பேனா மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறான். அதை முக்கிப் பார்த்தான். போன கோடையில் சுவரில் பென்சிலால் எழுதிவைத்த அதே எண் வந்தது. தண்ணீரில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டினான். கடைசியில், நான் வேரை அழுக வைத்தது போதாது என்று உரமும் தேங்கியிருக்கிறது, கழுவி எடுக்க வேண்டும் என்று, செடிக்கு இருபது லிட்டர் தண்ணீர், செடித் தொட்டியின் அடி ஓட்டை வழியாகக் கொட்டுகிற வரைக்கும் ஊற்றினானாம். நான்கு செடிக்கும்.

அந்த வாரமே ஒன்று செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது செத்த அன்றைக்கு லூபா போனில் அழுதாள். வெண்ணெய் டப்பாவில் இருப்பது மூன்று வாரத்துக்குத்தான் வரும், மறுபடி மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்றாள். நான் என்ன சொல்ல? மிச்சமிருக்கிற அந்த ஒன்றையாவது அவனைத் தொடாமல் இருக்கச் சொல் என்றேன். நான் சொன்னால் கேட்பானா என்றாள்.

பிப்ரவரி கடைசியில் பெரிய பனி பெய்தது. மெர்ல் பனியை வாரப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தான். இரண்டு நாள் கழித்து லூபா கூப்பிட்டாள். சாஃப்ட்னரில் உப்பு தீரப் போகிறது, அதன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இவனால் மூட்டையைத் தூக்க முடியாது, வந்து போட்டுவிட்டுப் போகிறாயா என்றாள். எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவும் சுண்ணாம்பு. கெட்டில் வெள்ளை வெளேரென்று படிந்துபோகும். அதனால் வீட்டுக்கு வீடு அடித்தளத்தில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் உண்டு. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் உப்பை விட்டு அனுப்பும். குளிக்க, துவைக்க அருமையாக இருக்கும். செடிக்கு ஊற்றினால் செடி சாகும். இது இந்த ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் குடிக்கிற சமையலறைக் குழாயையும் அடித்தளத்தில் சாமான் கழுவுகிற தொட்டிக் குழாயையும் சாஃப்ட்னருக்குக் கொடுக்காமல் நேராக விட்டுவிடுவார்கள்.

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்புறம் லூபா சுண்ணாம்புத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டியிருக்குமே என்று, காலைப் பேருந்தை முடித்துவிட்டு, பதினெட்டுக் கிலோ மூட்டை இரண்டை வாங்கிக்கொண்டு போனேன். மெர்ல் சோபாவில் மல்லாந்து கிடந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் கூரையைப் பார்த்தான்.

கீழே போய் உப்பைக் கொட்டினேன். சாஃப்ட்னர் புதுசு. பழையது நவம்பரில் வெடித்து, இவனே வாங்கி இவனே மாட்டியது. பக்கத்தில் அந்த ஒற்றைச் செடி. பார்க்கவே பாவமாக இருந்தது. அடியில் இலையே இல்லை, உதிர்ந்துவிட்டது. உச்சியிலும் பழுப்புச் சுருள். ஆனால் நடுவில் இரண்டு கணுவுக்கு மட்டும் இலை பச்சையாக, அகலமாக, ஆரோக்கியமாக நின்றது. ஒரு கணம் பார்த்துவிட்டு, உப்புப் படிந்த கையைக் கழுவ அந்தக் கழுவுகிற தொட்டிக் குழாயைத் திறந்தேன். சோப்பு போட்டேன். நுரை பொங்கியது. கழுவினேன், வழுக்கியது. மறுபடி கழுவினேன், மறுபடி வழுக்கியது. சோப்பு போகவே மாட்டேன் என்கிறது.

அப்படியே நின்றேன். முப்பது வருஷமாக அந்தத் தொட்டியில் பெயிண்ட் பிரஷ் கழுவியிருக்கிறேன், மீன் கழுவியிருக்கிறேன், நாயைக்கூடக் குளிப்பாட்டியிருக்கிறேன். அதில் சோப்பு தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகுமே தவிர நுரை வராது. இது சுண்ணாம்புத் தண்ணீர் இல்லை. இது உப்பு போட்ட தண்ணீர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாடிப்படி அடியில் நின்று கத்தினேன்.

"மெர்ல்! எழுந்து வா கீழ. தவழ்ந்தாவது வா."

முதுகு வலிக்குது, உனக்கென்ன பைத்தியமா என்று மேலிருந்து திட்டினான். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவாக இறங்கி வந்தான். செடிக்கு எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாய் என்று கேட்டேன். இந்தக் குழாயில்தான், பின்னே ஆற்றுக்கா போவேன் என்றான். கையைக் கழுவு என்றேன். என்ன விளையாட்டு என்றான்.

"கழுவுடான்னா கழுவு."

அவனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. கழுவினான். சோப்பு வழுக்கியது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வேலை பெஞ்சிலிருந்து அந்தப் பேனாக் கருவியை எடுத்துக் குழாயடியில் பிடித்து, என் மூக்குக்கு நேரே நீட்டினான். சுவரில் எழுதியிருந்த பென்சில் எண்ணையும் விரலால் தட்டிக் காட்டினான்.

"பாரு. கோடையில இருந்த அதே நம்பர். தண்ணி மாறல."

"அது தண்ணில எவ்வளவு கரைஞ்சிருக்குன்னுதான் சொல்லும். என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லுமா? சுண்ணாம்பு போச்சு, அந்த அளவுக்கு உப்பு வந்திருச்சு. நம்பர் எப்படி மாறும்?"

அவன் தலையைத் தூக்கிக் கூரையடியில் ஓடுகிற குழாயைப் பார்த்தான். நவம்பரில் அவனே மாட்டிய நீலக் குழாய். லூபாவின் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகிறது என்று, தொட்டியை விட்டுவிட்டுச் சலவை மெஷினுக்கு மட்டும் சாஃப்ட்னர் தண்ணீர் கொடுக்கலாம் என்று பழைய குழாயை வெட்டிச் சேர்த்தது. விரலால் அதைத் தொட்டபடி போனான். சாஃப்ட்னரிலிருந்து மூட்டு, மூட்டிலிருந்து மெஷின். தொட்டிக்குப் போகிற கிளை அந்த மூட்டைத் தாண்டித்தான் பிரிந்தது. மூட்டுக்கு முன்னால் இருக்கிறது என்று நினைத்து வெட்டியிருக்கிறான். ஒரு ஜாண் தூரம் தப்பு.

நான் விடவில்லை. செடியின் நடுவில் இருந்த அந்த இரண்டு பச்சைக் கணுவைக் காட்டினேன். அது எப்போது விட்ட இலை என்று கேட்டேன். அவன் வாரத்தை விரல்விட்டு எண்ணினான். நான் சமையலறைத் தண்ணீர் சுமந்து ஊற்றிய இரண்டு வாரம். அந்தச் செடிக்கு இந்தக் குளிர்காலத்தில் கிடைத்த நல்ல சாப்பாடு அது ஒன்றுதான்.

மெர்ல் வேலை பெஞ்சில் உட்கார்ந்தான். "ஒவ்வொண்ணுக்கும் இருபது லிட்டர் ஊத்தினேன்" என்றான். என்னிடம் சொல்லவில்லை. அந்தச் செடியிடமும் சொல்லவில்லை. அப்புறம், குழாயை அடைக்க வேண்டும், ரம்பத்தை எடு என்றான். உன் கை இருக்கிறதல்லவா என்று மேலே வந்துவிட்டேன்.

மேலே லூபா சமையலறை மேஜையில் இருந்தாள். வீட்டில் அவ்வளவு சத்தம் போட்டால் கேட்காதா? எல்லாம் கேட்டிருந்தாள். நான் ஜெயித்த மிதப்பில் சொன்னேன், பார்த்தாயா, நான் ஒன்றும் பண்ணவில்லை என்று.

"எனக்குத் தெரியும் நாடியா. நீ நான் சொன்ன மாதிரிதான் ஊத்தின. ஒவ்வொரு தடவையும் போன் பண்ணினியே."

"தெரியுமா? அப்ப அன்னைக்கு ஏன் வாயைத் திறக்கல? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது லூபா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனா ஒரு வாரத்துல திரும்பி வருவ. அவன் என்மேல கோவிச்சுக்கிட்டா என் காலை யாரு நீட்டி விடுவா?"

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரைக்கும் என் கோபம் எல்லாம் மெர்ல்மேல். அன்று முதல்முறையாக என்மேலேயே திரும்பியது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது அந்தக் காலை நான் தொட்டிருக்கிறேனா? பெரோகி சாப்பிட வந்திருக்கிறேன், பேச வந்திருக்கிறேன். கால் வலி மெர்லின் வேலை என்று விட்டுவிட்டேன். ஒரே ஒருவன் கையில் இருக்கிறவள் அவனை எதிர்த்து எப்படிப் பேசுவாள்? எனக்கு அழுகையும் வந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் முழுக்க மெர்ல் ஜாடியைச் சமையலறையில் நிரப்பிக் கீழே சுமந்தான். செடி பிழைத்தது. உச்சியில் புது இலை விட்டது, பச்சையாக. அதிலிருந்து மூன்று கிளை வெட்டி வேர்விட வைத்தான். ஏப்ரலில் ஒரு நாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். வெளியே இன்னும் பூஜ்யத்துக்குக் கீழேதான். கோட்டுக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்தான், அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஊதாத் தண்டு.

"ஒண்ணு உன் வீட்டுல இருக்கட்டும் நாடியா. எல்லாத்தையும் என் கையிலயே வெச்சுக்கக் கூடாது."

நான் கோப்பையை வாங்கி உள்ளே வைத்தேன். காபிக் கூட்டத்தில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை, சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றான். செடி குளிரில் நிற்கக் கூடாது, நீ நிற்கலாம் என்று கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் பக்கம் போனான். பத்தே காலுக்கு வால்ட்டர் போன் பண்ணி, மெர்ல் எல்லோருக்கும் எதிரில் தன் குழாய் வேலையைப் பற்றிச் சொன்னான், பகடை உருட்டாமலே காபியும் வாங்கிக் கொடுத்தான், அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் இப்போது நான் அங்கே தங்குகிறேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று மெர்ல்தான் காட்டிக்கொடுத்தான். முதல் வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து, லூபாவின் காலை மடியில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். மெர்ல் பின்னால் வந்து நின்று, அப்படி இல்லை, இப்படி இல்லை, உனக்கு எதுவும் ஒழுங்காக வராது என்று ஆரம்பித்தான்.

லூபா தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மெர்ல், வாயை மூடிக்கிட்டு வெளிய போ. எனக்கு ஆளு இருக்கு."